தண்ணீர் வருகிறதா? இல்லை

பொது நிர்வாகம் படித்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "அத படிச்சா என்னா வேலைங்க கெடைக்கும்?" நான் எம்.ஏ. சேர்ந்தபோது அரூர் புளி மண்டியில் என் அப்பாவிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா அங்கே எடை போடுகிற வேலையில் இருந்தார். அவர் பாட்டுக்கு, "எம்பொண்ணு கலெக்டரா கூட ஆவலாமுங்க" என்று அள்ளி விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாக, "ஆவலாம் தானே?" என்று கேட்டார். "ஆவலாம்பா" என்றேன். பொய்யில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம். அந்த இரண்டாவது பாதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். கல்லூரியில் எங்கள் துறைக்குக் கிடைத்த அறை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. வேதியியல்காரர்களுக்கு ஆய்வுக்கூடம் உண்டு, கணிப்பொறிக்காரர்களுக்கு ஏசி உண்டு, எங்களுக்கு ஒரு பீரோவும் அதற்குள் பழைய அரசாணைகளும் உண்டு. மற்ற துறைப் பிள்ளைகள் எங்களை "பஞ்சாயத்து கோஷ்டி" என்று கூப்பிட்டார்கள். நாங்கள் ரோஷத்தோடு சண்டைக்குப் போவோம். இப்போது யோசித்தால், அதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்திருக்க முடியாது.

அந்தப் பதினொரு பேரும் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் கை தூக்கி எங்கள் உயிரை வாங்கியவன் இன்று பக்கத்து மாவட்டத்தில் துணை ஆட்சியர். மொரப்பூரிலிருந்து தினமும் வந்து, தினமும் தாமதமாகி, தினமும் ரயில் மேல் பழி போட்டவள் சென்னையில் தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலர். நாலு பேர் கிராம நிர்வாக அலுவலர்கள். ஒருத்தி கூட்டுறவுத் துறையில், ஒருவன் சிறையில். பயப்பட வேண்டாம், சிறைத்துறையில் வேலை. ஒருத்தி தேர்தலில் நின்று பேரூராட்சிக் கவுன்சிலர் ஆகிவிட்டாள். எங்களில் ஓட்டு வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான். எல்லாரும் அவரவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பணி கிடைத்தாலும், பதவி உயர்ந்தாலும், முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசை மேல் வைத்து ஒரு படம் எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட வேண்டும். சிரிக்கக் கூடாது. அலுவலகத்தில் மாட்டியிருக்கும் படங்களில் இருக்கும் பழைய அதிகாரிகள் மாதிரி முறைக்க வேண்டும். கைதட்டல் பொம்மைகள் ஒரு வாரம் வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் குழுவில் பாய் என்று ஒருவன். அரூரில் அவன் அப்பாவுக்கு மெத்தைக் கடை. குரூப் தேர்வுகளை எல்லாம் விடாமல் எழுதினான். ஒவ்வொரு முறையும் ஒரு மார்க், இரண்டு மார்க்கில் கோட்டை விட்டான். கடைசியில் மெத்தைக் கடையில் பாதியைத் தடுத்து, தாலுகா ஆபீஸுக்கு வருகிற ஜனங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, மனு டைப் அடித்துத் தர ஆரம்பித்தான். முதல் நாள் அவனும் படம் போட்டான். முக்காலி, கம்ப்யூட்டர், பின்னால் இலவம்பஞ்சு மூட்டை. கை இரண்டும் மேசை மேல், முகத்தில் கலெக்டர் முறைப்பு. குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்கு எனக்கு இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

என் படமும் உண்டு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர். மாவட்டத்தின் எந்த ஒன்றியம் என்பது வேண்டாம்; அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். நாற்காலியின் ஒரு கால் ஆடும், அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அப்பா அதைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறி வந்தார். நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல மரம்" என்றார். அது பிளைவுட்.

ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. துணை வட்டார வளர்ச்சி அலுவலர் பதவி உயர்வுக்கான பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது என்று செயலகத்துக்காரி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் குடிநீர்க் குழாய்க் கள ஆய்வு வந்தது.

ஒன்றியத்தில் உள்ள ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு ஆள் போய்ப் பார்த்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். படிவத்தில் இரண்டு கேள்விகள் முக்கியம். வீட்டுக்குக் குழாய் இணைப்பு உள்ளதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? எனக்கு ஒதுக்கப்பட்டதில் கடைசி ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. நாற்பது வீடு இருக்கும். வீட்டில் கன்னடம் பேசுவார்கள், நம்மிடம் தமிழ். வாசலுக்கு வாசல் பளபளவென்று நீலக் குழாய் நின்றது. ஒன்றைத் திறந்தேன். ஒரு பல்லி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அதற்கு வீடு, மற்றவர்களுக்கு அலங்காரம். பெண்கள் கீழே இருக்கும் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முதல் கேள்விக்கு ஆம் என்று எழுதினேன். இரண்டாவதற்கு இல்லை என்று எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்த வீரச் செயல்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். ஒன்றியம் முழுவதும் ஆம் என்று வந்துவிட்டது, இந்த ஒரு ஊர்தான் பாக்கி, வீட்டுக்கு வீடு தண்ணீர் தந்துவிட்ட ஒன்றியம் என்று நாளை மறுநாள் மாவட்டத்தில் அறிவிக்கப் போகிறார்கள் என்றார்.

"புது படிவம் ஒண்ணு தர்றேன் மேடம். திருப்பி எழுதிக் குடுத்துடுங்க. எப்படியும் ரெண்டு மாசத்துல தண்ணி வுட்டுடுவாங்க."

"ரெண்டு மாசம் கழிச்சு ஆம்னு எழுதித் தர்றேங்க சார்."

"நான் சொல்றது உங்களுக்குப் புரியலீங்களா?"

"புரியுதுங்க சார். அதனாலதான் எழுதலீங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்லூரியிலேயே அந்தப் பெயர் உண்டு. பேசாமல் வெளியே வந்திருந்தால் ஒருவேளை வேறு யாரையாவது விட்டு எழுதி வாங்கியிருப்பார். நான் இடத்துக்கு வந்து, அவர் சொன்னதையும் நான் மறுத்ததையும் ஒரு குறிப்பாக எழுதிக் கோப்பிலேயே வைத்துவிட்டேன். அலுவலகத்தில் வாயால் சொன்னது காற்றோடு போகும், கோப்பில் ஏறியது போகாது. பொது நிர்வாகம் படித்தவளுக்கு இந்தக் கெட்ட பழக்கம் இருக்கத்தான் செய்யும்.

இருபது நாளில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அலுவலகப் பேச்சில் அதற்கு 'செவன்டீன் பி' என்று பெயர். பெரிய தண்டனை வரைக்கும் போகக் கூடியது. உண்மைக்குப் புறம்பான அறிக்கை கொடுத்தேன். மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை. ஒன்றியத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தேன். மூன்று குற்றம். கூடவே இன்னொன்றும் எனக்குத் தெரியும்: இது முடியும்வரை பதவி உயர்வு கிடையாது. நிரூபணமானால் அப்புறம் பதவி உயர்வைப் பற்றிப் பேசவே வேண்டாம், வேலையே தங்குமா என்று பார்க்க வேண்டும். நான் பொய் எழுதினேன் என்று பணிப் பதிவேட்டில் ஏறிவிடும். அப்பா தடவிப் பார்த்த நாற்காலி அது.

அடுத்த மாதம் பட்டியலில் எனக்குக் கீழே இருந்த ஒருவர் துணை வட்டார வளர்ச்சி அலுவலராகப் போய்ச் சேர்ந்தார். மரியாதைக்கு எனக்கு லட்டு கொடுத்தார். சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர் அரூரில் தனியார் பள்ளியில் வாத்தியார்; "எழுதினது சரிதானே? அப்ப வுடு" என்றார். அவருக்குச் சொல்வது எளிது, அவருக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை என்று அவரிடமும் சண்டை போட்டேன்.

வகுப்புக் குழுவில் இதை நான் சொல்லவில்லை. எல்லாரும் நாற்காலிப் படம் போடுகிற இடத்தில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் போய்ப் போடுவதா? ஆனால் பாய்க்குத் தெரிந்துவிட்டது. பதிலோடு சேர்க்க வேண்டிய தாள்களை ஜெராக்ஸ் எடுக்க அவன் கடைக்குத்தானே போனேன். எடுத்துக்கொண்டே படித்துவிட்டான். அடுத்த பத்து நிமிடத்தில் குழுவில் ஒரு செய்தி: "ஞாயித்துக்கெழம காலைல பத்து மணி, மொரப்பூர், எல்லாரும் வரணும். நம்ம வகுப்புக்கு ஒரு பரீட்ச வந்திருக்குது."

மொரப்பூரில் செயலகத்துக்காரியின் அம்மா வீடு. அவள் ராத்திரியே ரயில் பிடித்து வந்துவிட்டாள், இந்த முறை தாமதமில்லை. துணை ஆட்சியர் அரசு ஜீப்பில் வந்தால் முறையில்லை என்று பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருந்தான். பதினொன்றில், பாயையும் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். நான் உள்ளே போனதும் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. துணை ஆட்சியர், "மெமோவ குடு" என்று கை நீட்டினான். எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருத்தி ஒழுங்கு நடவடிக்கை விதிகளைப் படித்தாள், ஒருவன் அரசாணைகளைத் தேடினான், செயலகத்துக்காரி வாசகம் எழுதினாள். நடுவில் அவள் அம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டார். மதியம் மூன்று மணிக்குப் பதில் தயாராகிவிட்டது. இருபத்திரண்டு பக்கம். அதில் முன்னுரை இருந்தது. முடிவுரை இருந்தது. நடுவில் பக்கவாட்டுத் தலைப்புகள் இருந்தன, தலைப்புக்குக் கீழே அடிக்கோடு இருந்தது. "நிர்வாகத்தில் பொறுப்புடைமை: ஒரு பார்வை" என்று ஒரு பகுதியே இருந்தது. பாயைத் தவிர ஏழு பேரும் அதைப் பார்த்து ரொம்பத் திருப்தியாக இருந்தோம்.

பாய் முழுவதும் படித்தான். கீழே வைத்தான்.

"இதுக்கு பதினஞ்சு மார்க் கெடைக்கும்" என்றான். "ஆனா இவளுக்கு வேல கெடைக்காது."

இருபத்திரண்டு பக்கத்தையும் கட்டாகப் பிடித்துத் தட்டிக் காட்டினான்.

"நான் தெனமும் மனு எழுதறேன். அங்க இருக்கறவங்களுக்கு நேரம் ஏது? மொத மூணு வரி படிப்பாங்க. மிச்சமெல்லாம் பின்னாடி சேத்துக் குத்தறதுக்குத்தான். அந்த மூணு வரில நாம என்னா கேக்கறோம்?"

நிர்வாகக் கோட்பாடு அத்தனையும் படித்த ஏழு பேரிடமும், என்ன வேண்டும் என்று ஒருவன் கேட்கும்போது பதில் இல்லை. எழுதி எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகள் நாங்கள். விடைத்தாளைத் திருத்துகிறவர் இன்னும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தே எழுதியிருக்கிறோம்.

பாய் ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதினான். என் அறிக்கை உண்மையானது. விசாரணை அலுவலர் அந்த ஊருக்கு நேரில் வந்து குழாயைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன். ஊர் மக்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். அவ்வளவுதான். இருபத்திரண்டு பக்கமும் இணைப்பாகப் பின்னால் போனது. செயலகத்துக்காரிக்கு அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

"நேர்ல பாக்கற அன்னிக்கி மட்டும் தண்ணி வுட்டுட்டாங்கன்னா?" என்று துணை ஆட்சியர் கேட்டான்.

"வராது" என்றேன். எனக்கு அப்படி ஒரு திமிர்.

விசாரணை அலுவலராக வேறு துறையிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். அதிகம் பேசாத மனிதர். நேரில் வர ஒப்புக்கொண்டு நாள் குறித்தார். அன்று காலை பாயும் என்னோடு வந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து ஏறினோம். ஊர் எல்லையில் சேறாகக் கிடந்தது. லாரிச் சக்கரத் தடம் மேல்நிலைத் தொட்டி வரைக்கும் போயிருந்தது. முந்தின நாள் சாயந்தரமே டேங்கர் வைத்துத் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள்.

தெருவுக்குள் போனால் எல்லாக் குழாயிலும் தண்ணீர்! தடதடவென்று கொட்டுகிறது. "நீரு பந்து, நீரு பந்து" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று கன்னடத்தில் அதற்குப் பொருள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரி வெள்ளைச் சட்டையில் விசாரணை அலுவலர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க மேடம். பாருங்க, தண்ணி."

அந்த நிமிடம் என் மனசில் என்ன ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். இந்தத் தண்ணீர் வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் மேடேறிக் குடம் சுமப்பதைப் பார்த்து எழுதியவள் நான். அவர்கள் வாசலில் தண்ணீர் கொட்டும்போது, என் வேலைக்காக அது நின்று போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நொடியே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. பிரமோஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி நடந்துவிடலாம் போல இருந்தது. பாய் என் கையில் இருந்த பையைப் பிடித்து இழுத்து, "இரு" என்றான். "எல்லாரும் கொழாய பாக்கறாங்க. நீ கொழாய் மேல பாரு."

பார்த்தேன். குழாய்க்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. கீழே உடைத்த தேங்காய் இரண்டு மூடி, வெற்றிலையில் எரிந்து முடிந்த கற்பூரம். பக்கத்து வீட்டுக் குழாய்க்கும் அப்படித்தான். அடுத்த வீட்டுக்கும் அப்படித்தான். தெரு முழுவதும் நாற்பது குழாய்களும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. தெரு முனையில் மாரியம்மனுக்குப் பெண்கள் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை அலுவலரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரப் புடவையோடு குடத்தை இடுப்பில் வைத்து வந்த ஒரு அம்மாவை நிறுத்தினார்.

"என்னம்மா விசேஷம்? ஊர்ல பண்டிகைங்களா?"

அந்த அம்மா அவரை ஒன்றும் தெரியாத மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பண்டிக இல்லீங்க சாமி. கொழாய்ல தண்ணி வந்துச்சுங்களே."

"தண்ணி வந்தா பூஜ போடுவீங்களா? தெனமுமா?"

"தெனமும் எங்கீங்க வந்துது? போன வருசம் கொழாய் நட்டாங்க. அன்னியிலருந்து இன்னிக்கித்தான் மொத மொதலா வருது. மொதத் தண்ணிய ஆத்தாளுக்கு ஊத்தாம நாம குடிக்கலாமுங்களா?"

மேலதிகாரி குறுக்கே வந்தார். "சார், இவங்களுக்கு வெவரம் தெரியாதுங்க. அப்பப்ப வந்துட்டுதான் இருக்குது."

"அவருக்கு வெவரம் தெரியாதுங்க சாமி" என்றாள் அந்த அம்மா, அதே குரலில். "எங்கூட்டுக் கொழாய்க்குள்ள பல்லி முட்ட போட்டு வெச்சிருந்துச்சு. காத்தாலதான் தண்ணியோட அடிச்சிக்கிட்டு வந்துது."

விசாரணை அலுவலர் சிரிக்கவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வீட்டிலும் குழாயின் மாலையையும் தேங்காயையும் குறித்துக்கொண்டார். மேலதிகாரியும் அவரைச் சேர்ந்தவர்களும் டேங்கர், மோட்டார், வால்வு எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள். அந்த ஊர் சந்தோஷப்படும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் தெருக்கோடிக் குழாய் இருமியது. பிறகு அடுத்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாக் குழாயும் காற்றைத்தான் விட்டன. விசாரணை அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தண்ணீர் நின்ற நேரத்தையும் எழுதிக்கொண்டார். போகும்போது என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மொத மூணு வரி யாரும்மா எழுதினது?" நான் பாயைக் காட்டினேன். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று அவனைக் கேட்டார். "ஜெராக்ஸ் கடைங்க சார். எம்.ஏ. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்" என்றான் பாய். அவன் பட்டத்தை அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. துணை ஆட்சியரின் படத்தைப் பார்த்தபோது வந்த பெருமையை விட எனக்கு அப்போது அதிகமாக வந்தது.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு பக்க உத்தரவில் கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்பதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நாற்காலி இல்லாத ஒரு படம் எங்கள் குழுவில் வந்தது அதுதான் முதல் தடவை. கைதட்டல் பொம்மைகள் இரண்டு வாரம் வந்தன. சிறைத்துறைக்காரன், "எங்க பக்கம் ஒரு ரூம் ஒதுக்கி வெச்சிருந்தேன், வீணாப் போச்சு" என்று எழுதினான்.

அதோடு விட்டார்களா? அரூரில் மெத்தைக் கடைக்கு முன்னால் பத்தடிக்கு ஒரு ப்ளெக்ஸ். பதினொரு பேரின் முகமும் வட்டம் வட்டமாக, நடுவில் என் முகம், கீழே "மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதற்கு வாழ்த்துகள்!" உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது, வேறு எந்தப் படிப்புப் படித்தவர்களாவது இப்படி ஒரு ப்ளெக்ஸ் வைத்திருப்பார்களா? அரசு ஊழியருக்குப் பேனர் வைக்கலாமா, முதலில் கழற்று என்று கத்தினேன். பாய் நிதானமாக ப்ளெக்ஸின் ஓரத்தைக் காட்டினான். அனுமதி எண்ணும், எத்தனை நாள் வரைக்கும் என்பதும் முறையாக அச்சடித்திருந்தது. இருந்தாலும் அன்று சாயந்தரமே கழற்ற வைத்தேன். அதற்குள் அப்பா மண்டியிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போயிருந்தார். என்ன கைவிடப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. மகள் முகம் பத்தடியில் இருந்தது, அது போதும் அவருக்கு.

பதவி உயர்வு வந்தது. இன்னொரு ஒன்றியத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். இந்த நாற்காலி ஆடவில்லை. படம் எடுக்கும்போது முறைக்க முயன்றேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். விதிமீறல் என்று செயலகத்துக்காரி எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினாள்.

அந்த மலையடிவார ஊர் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. உத்தரவுக்குப் பிறகு அங்கே புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டு, தொட்டிக்குக் குழாய் இழுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதை நம்புகிற ஆள் நான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போனேன். எனக்கு அங்கே இப்போது எந்த அதிகாரமும் இல்லை. அது என் ஒன்றியமே இல்லை.

தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. யாருடைய இடுப்பிலும் குடம் இல்லை. குழாய்களில் மஞ்சளும் இல்லை, பூவும் இல்லை. ஒன்றின் மேல் யாரோ துவைத்த பாவாடையைக் காயப் போட்டிருந்தார்கள். அதை விலக்கிவிட்டுத் திருகினேன். சத்தமே இல்லாமல் தண்ணீர் வந்தது. கையை நீட்டினேன், குளிர்ச்சியாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன். நிற்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. என் செருப்பு நனைந்து, தெருவில் ஒரு கோடு ஓடியது.

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. யார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும்மா அது, கொழாய தொறந்து வுட்டுட்டு வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கறது? தண்ணி என்ன சும்மாவா வருது? மூடும்மா!"

"சரிங்க" என்று சொல்லி மூடினேன். என் பணிக்காலத்தில் ஒரு உத்தரவுக்கு அவ்வளவு சந்தோஷமாக நான் கீழ்ப்படிந்ததே இல்லை.